தைலமும் மாத்திரையும்: மூட்டுவலியின் வரலாற்றில் ஒரு பார்வை

மனித வரலாற்றை எழுதியவர்கள் அரசர்களின் போர்களை எழுதினர். முடிசூட்டு விழாக்களை எழுதினர். பஞ்சங்களையும் கொள்ளை நோய்களையும் கூட எழுதினர். ஆனால் அந்த அரசர்களுக்காக ஏரி வெட்டியவனின் முழங்கால் எப்படி வலித்தது என்பதையோ, நாற்று நட்டவளின் இடுப்பு இரவில் எப்படி நொந்தது என்பதையோ எழுதியவர் மிகச் சிலரே. உயிரைப் பறிக்காத நோய்க்கு வரலாற்றில் இடம் இல்லை. மூட்டுவலி அத்தகைய நோய். அது கொல்வதில்லை, போவதும் இல்லை. விடியலில் எழுந்திருக்கும்போது தொடங்கி, இரவில் புரண்டு படுக்கும்வரை உடனிருக்கும். அந்த வலிக்கு மனிதன் தேடிய மருந்துகளின் கதையைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயனற்றதாகாது. ஏனெனில், அக்கதையின் தொடக்கப் பக்கங்களுள் ஒன்று நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆற்றங்கரையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆற்றங்கரையில் ஓர் ஆதுலர்சாலை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், செய்யாற்றின் கரையில் உள்ளது மாகறல். திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற சிவத்தலம் அது. எலும்பு தொடர்பான நோய்களால் வருந்துவோர் அங்கு வந்து வேண்டிக்கொள்வது இப்பகுதி மக்களின் நெடுநாளைய வழக்கம். சமயம் எதுவாயினும், வலியோடு ஒருவர் இறைவனின் முன் வந்து நிற்பது மதிப்பிற்குரிய செயல். ஓர் ஊரின் பெயரே எலும்பு நோயோடு சேர்த்து நினைக்கப்படுகிறது என்றால், அங்கு வந்து சென்ற தலைமுறைகள் எவ்வளவு வலியைச் சுமந்திருக்க வேண்டும்!

அந்தச் செய்யாறு மாகறலைக் கடந்து கிழக்கே சென்று, வேகவதியும் பாலாறும் கூடும் இடத்தில் தானும் கலக்கிறது. மூன்று ஆறுகள் கூடுவதால் அவ்வூர் திருமுக்கூடல் எனப் பெயர்பெற்றது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழனின் காலத்துக் கல்வெட்டு ஒன்று நீண்டு கிடக்கிறது. அங்கே இயங்கிய கல்விச்சாலையையும், அதனோடு இணைந்த ஆதுலர்சாலையையும் அது விவரிக்கிறது. ஆதுலர் என்றால் நோயுற்றோர். வீரசோழன் என்ற பெயர் கொண்ட அம்மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்தன. நாடி பார்த்து மருந்து சொல்லும் மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து காய்ச்சுவோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் எனப் பணியாளர்களும், அவர்களுக்குரிய நெல்லும் காசும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

நம் கவனத்திற்குரியது அக்கல்வெட்டு தரும் மருந்துப் பட்டியல். ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய ஏறத்தாழ இருபது மருந்துகளுள், கடுக்காய் சேர்ந்த மருந்துகளும் நெய் மருந்துகளும் இருப்பதோடு, எண்ணெய் வகைகளும் பெயர் சொல்லி இடம்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று பூண்டும் ஆமணக்கும் சேர்த்துக் காய்ச்சிய தைலம். பெயரளவில்தான் இவை வடமொழி. சரக்குகள் நம் தோட்டத்திலும் கொல்லையிலும் கிடைப்பவை. வாத நோய்க்கு ஆமணக்கு எண்ணெயை உள்ளுக்கும் புறத்திற்கும் ஆளும் முறை இந்திய மருத்துவ மரபு முழுவதிலும் பரவியது. ஆக, தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, செய்யாறு சென்று சேரும் இடத்தில், அரசின் பொறுப்பில், நோயாளருக்கெனத் தைலம் காய்ச்சி வைக்கப்பட்டிருந்தது.

அகத்திற்கு முப்பத்திரண்டு, புறத்திற்கு முப்பத்திரண்டு

தமிழ் மருத்துவமாகிய சித்த மருத்துவம் மருந்துகளை இரு பெரும் பிரிவாக வகுத்தது. உட்கொள்ளும் மருந்து வடிவங்கள் 32; புறத்தே ஆளும் மருந்து முறைகள் 32. இந்தச் சம எண்ணிக்கை சிந்திக்கத்தக்கது. வாயின் வழியே செல்வதே மருந்து என்னும் எண்ணம் நம் முன்னோரிடம் இருந்ததில்லை. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம், தொக்கணம், களிம்பு, பசை என்று நீளும் அப்புறமருந்துப் பட்டியல், தோலையும் மருந்து செல்லும் வாயிலாக மதித்தது.

வாதத்தினால் வரும் நோய்கள் 80 என்று யூகி முனிவரின் மரபு கணக்கிட்டது. மூட்டுகளின் வீக்கமும் வலியும் அவற்றுள் அடங்கும். இவற்றிற்கு நொச்சியிலையை வதக்கி ஒற்றடம் கொடுப்பதும், உளுந்துத் தைலம், வாதகேசரித் தைலம் போன்றவற்றைத் தடவி நீவுவதும் இன்றளவும் நடைபெறும் சிகிச்சைகள். 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்ற பின்பு இம்மரபு முறையான கல்வியாயிற்று. 1983இல் தமிழக அரசு நிறுவிய டாம்ப்கால் என்னும் மருந்துக் கழகம் அத்தைலங்களை அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளுக்குக் கொண்டு சேர்க்கிறது.

மறைநூலிலும் எண்ணெய் புறமருந்தே. ஆற்றப்படாத காயங்களைப் பற்றிப் பேசும் எசாயா, எண்ணெயிட்டு மென்மையாக்கப்படாத புண்களைக் குறிப்பிடுகிறார். கிலயாதின் பிசின் தைலம் எங்கே என்று எரேமியா ஏங்குகிறார். நல்ல சமாரியர் வழியில் கிடந்தவனின் காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்க்கிறார். மருந்துகள் மண்ணிலிருந்து இறைவனால் விளைவிக்கப்பட்டவை, அறிவுள்ளோர் அவற்றை வெறுக்கலாகாது என்று கற்பிக்கிறது சீராக்கின் ஞானம், 38ஆம் அதிகாரம். திருச்சபை நோயுற்றோருக்குப் பூசும் எண்ணெய் அருளடையாளமேயன்றி மூட்டுவலித் தைலம் அன்று, இரண்டையும் குழப்பலாகாது. ஆயினும், 1972ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் நோயில்பூசுதல் சடங்கைச் சீரமைத்தபோது, ஒலிவ எண்ணெய் கிடைக்காத நாடுகளில் வேறு தாவர எண்ணெயையும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தார். அந்தந்த மண்ணில் விளையும் எண்ணெய்க்கு அந்தந்த மக்களின் நோய்ப்படுக்கையருகே இடம் உண்டு என்பதை அது ஏற்றுக்கொண்டது.

வில்லோப் பட்டையிலிருந்து வில்லை வரை

புறமருந்துக்கும் உள்மருந்துக்கும் இடையே இருந்த இந்தச் சமநிலை எப்போது குலைந்தது? அதற்கு இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். 1763இல் எட்வர்டு ஸ்டோன் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு, வில்லோ மரப்பட்டையை உலர்த்திப் பொடித்துக் காய்ச்சல் கண்டோருக்குக் கொடுத்துப் பார்த்ததன் பயனை இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1828இல் ஜெர்மானிய வேதியியலார் பூக்னர் அப்பட்டையிலிருந்து சாலிசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1876இல் ஸ்காட்லாந்து மருத்துவர் மக்லகன் அதனை மூட்டுவாதக் காய்ச்சலுக்குக் கொடுத்துக் குணம் கண்டார். ஆனால் சாலிசிலிக் அமிலம் வயிற்றை எரித்தது. 1897இல் பேயர் நிறுவனத்தின் பெலிக்ஸ் ஹாப்மன் அதனை மாற்றியமைத்து அசிட்டைல் சாலிசிலிக் அமிலத்தைத் தூய வடிவில் ஆக்கினார். மூட்டுவலியால் வருந்திய தம் தந்தையின் வயிறு பழைய மருந்தைத் தாங்காததே அவரைத் தூண்டியது என்று சொல்லப்படுவதுண்டு. 1899இல் அது ஆஸ்பிரின் என்னும் பெயரில் சந்தைக்கு வந்தது.

அதே சாலிசிலிக் அமிலத்தின் உடன்பிறப்பு ஒன்று வேறு வழியில் சென்றது. வின்டர்கிரீன் என்னும் செடியின் தைலம் பெரும்பாலும் மெத்தில் சாலிசிலேட்டே என்பது 1843இல் தெரியவந்தது. அது விழுங்கத் தக்கதன்று, தடவத் தக்கது. நம் நீலகிரி மலையிலும் அவ்வினச் செடி வளர்கிறது. உதகைக்குச் சென்றுவருவோர் கையில் அத்தைலக் குப்பி ஒன்று இருப்பதை நாம் காண்கிறோம். அதே 1843ஆம் ஆண்டில்தான் நீலகிரிக்கு யூகலிப்டஸ் மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேர்ந்தது. இவ்வாறு ஒரே வேதிக் குடும்பத்தில் பிறந்த இருவரில், ஒருவர் மாத்திரையாகி வயிற்றுக்குள் சென்றார். மற்றவர் தைலமாகி முழங்காலில் நின்றார்.

மஞ்சள் குப்பியும் கோடாலியும்

தைலம் தொழிற்சாலைப் பொருளான கதையில் நம்மவர்க்கும் பங்குண்டு. ஆந்திர நாட்டின் கிருஷ்ணா மாவட்டத்தில் 1867இல் பிறந்த காசிநாதுனி நாகேசுவர ராவ், 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் என்னும் வலிநீக்கித் தைலத்தைச் செய்து விற்கத் தொடங்கினார். தொடக்கத்தில் இசைக் கச்சேரிகளில் அதை இலவசமாக வழங்கி மக்களுக்கு அறிமுகம் செய்தார் என்பர். அத்தைலம் ஈட்டித் தந்த செல்வத்தால் அவர் 1908இல் ஆந்திர பத்திரிகா இதழைத் தொடங்கினார். 1914இல் அதனைச் சென்னையிலிருந்து நாளிதழாக்கினார். விடுதலைப் போராட்டத்திலும் ஆந்திர மாநிலக் கோரிக்கையிலும் முன்னின்றார். 1938இல் மறைந்த அவர் பெயரால் மயிலாப்பூரில் பூங்கா ஒன்று இன்றும் உள்ளது. ஏழை எளியவரின் நெற்றியிலும் முழங்காலிலும் தடவப்பட்ட மருந்து ஒரு நாளிதழைத் தாங்கியது என்பது நம் நாட்டு வரலாற்றின் இனிய செய்திகளுள் ஒன்று.

கடல் கடந்து உழைக்கச் சென்ற தமிழர்களும் தைலங்களைக் கொணர்ந்தனர். இரங்கூனில் சீன மூலிகை வணிகரான ஆவ் சூ கின் குடும்பத்தார் உருவாக்கிப் பின்னர் சிங்கப்பூரில் வளர்த்த புலி முத்திரைத் தைலம், 1928இல் சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனத்தின் கோடாலித் தைலம் ஆகியவை, ஊர் திரும்புவோரின் பெட்டியில் சோப்புக்கும் துண்டுக்கும் நடுவே தவறாது இருந்தன. ‘சிங்கப்பூர் தைலம்’ வைத்திருப்பது அன்று கிராமத்தில் ஒரு மதிப்பு. உறவினர் வீட்டு முதியவருக்கு ஒரு குப்பி கொடுத்தனுப்புவது அன்பின் அடையாளம்.

இத்தைலங்கள் வலியை எவ்வாறு ஆற்றின? வேறோர் எரிச்சலால் மனத்தை ஏமாற்றுபவை என்றே நெடுநாள் கருதப்பட்டன. 1965இல் மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர், தொடுதலும் தேய்த்தலும் தண்டுவடத்தில் ஒரு வாயிற்கதவைப் போலச் செயல்பட்டு வலிச் செய்தியைத் தணிக்கக்கூடும் என்ற கொள்கையை வெளியிட்டனர். 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் மிளகாயின் காரப்பொருளை உணரும் நரம்பு வாயிலைக் கண்டறிந்தனர். சூட்டை உணர்வதும் அதே வாயில்தான். 2002இல் மெந்தாலையும் குளிர்ச்சியையும் உணரும் வாயிலும் கண்டறியப்பட்டது. இவ்வழி ஆய்வுகளுக்காக ஜூலியஸும் ஆர்டம் படபூடியனும் 2021இல் நோபல் பரிசு பெற்றனர். தைலம் தடவியவுடன் குளிர்வதும் எரிவதும் வெறும் மயக்கம் அல்ல. உடலில் அதற்கென்றே கதவுகள் உள்ளன.

மாத்திரையின் விலை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி மாத்திரையின் காலம். 1960களில் இபுபுரூபென், 1970களில் டைக்ளோபினாக் என்று ஆற்றல்மிக்க வலிநீக்கிகள் வந்தன. இவை எவ்வாறு செயல்படுகின்றன என்பதை 1971இல் ஜான் வேன் விளக்கினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உருவாவதை இவை தடுக்கின்றன. ஆனால் அதே பொருள்தான் வயிற்றின் உட்சுவரைக் காக்கிறது. சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தைப் பேணுகிறது. நன்மையும் தீமையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தன. வயிற்றைக் காக்கவென்று புதிதாக வந்த ரோபெகாக்சிப் என்னும் மாத்திரை, மாரடைப்பும் பக்கவாதமும் மிகுவதாகத் தெரிந்ததால் 2004 செப்டம்பர் 30 அன்று உலகச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொள்ளப்பட்டது.

இம்மாத்திரைகளின் வலிமைக்குப் பறவைகளும் சாட்சி. கால்நடைகளின் வலிக்கு டைக்ளோபினாக் கொடுக்கப்பட்டது. இறந்த மாடுகளை உண்ட பாறு கழுகுகளின் சிறுநீரகங்கள் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மீது யூரிக் அமிலம் வெண்மையாகப் படிந்தது. மனிதரின் மூட்டுகளில் படிந்து கீல்வாதம் உண்டாக்கும் அதே பொருள்தான் அது! 2004இல் காரணம் உறுதியாயிற்று. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. அதற்குள் பல கோடிப் பறவைகள் அழிந்திருந்தன. வலியைக் கொல்ல வந்த மருந்து வானத்தையே வெறுமையாக்கியது.

நம் ஊர்களில் மாத்திரைப் பழக்கம் ஆழமாக வேரூன்றியதற்குச் சிக்குன்குனியாவும் ஒரு காரணம் எனலாம். ஆப்பிரிக்க மகோண்டே மொழியில் வளைந்து போதல் என்னும் பொருள் தரும் பெயருடைய அந்நோய், 1964இல் சென்னையைத் தாக்கியது. நெடுங்காலம் அடங்கியிருந்து 2006இல் மீண்டும் பரவியது. அவ்வாண்டு இந்தியாவில் ஏறத்தாழ 13.9 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டதாக அரசு கணக்கிட்டது. காய்ச்சல் சில நாளில் போயிற்று. மூட்டுவலி பலருக்கு மாதக்கணக்கில் நின்றது. கதிரறுக்கப் போக வேண்டியவர்கள் என்ன செய்வார்கள்? கடையில் நான்கு வில்லைகளை வெட்டி வாங்கி, இரண்டை அன்றும் இரண்டை மறுநாளும் விழுங்கி வயலுக்குப் போனார்கள். நோய் போன பின்பும் பழக்கம் போகவில்லை. எந்த மாத்திரை என்றும் தெரியாது. சிவப்பு மாத்திரை, மஞ்சள் மாத்திரை என்ற நிறமே அதன் பெயர். நோய் விசாரிக்க வீடுகளுக்குச் செல்லும் பங்குத்தந்தையர் எவரும் இதை அறிவர். திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் சுருக்குப்பையில் வெற்றிலையோடு அந்த வில்லைகளும் இருக்கும். அவரே வயிறு எரிகிறது என்று சொல்வார். கால் வீங்குகிறது என்றும் சொல்வார். இவற்றிற்கும் வில்லைக்கும் உள்ள தொடர்பை அவருக்குச் சொன்னவர் எவரும் இல்லை.

மீண்டும் தோலின் வழியே

இந்நிலையில்தான் நவீன மருத்துவமே புறமருந்தின் பக்கம் திரும்பிப் பார்த்தது. வலிநீக்கி மருந்தையே களிம்பாக்கி மூட்டின் மேல் தடவினால் என்ன? 2007இல் அமெரிக்கா டைக்ளோபினாக் களிம்புக்கு ஒப்புதல் அளித்தது. 2008இல் இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டி நிறுவனம், முழங்கால், கை மூட்டுத் தேய்மானத்திற்கு மாத்திரைக்கு முன்பாகக் களிம்பையே எண்ணிப் பார்க்குமாறு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. 2019இல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கமும் முழங்காலுக்கு இதனை வலியுறுத்திப் பரிந்துரைத்தது. காரணம் எளிது. ஒரு முழங்காலில் முறைப்படி தடவும்போது இரத்தத்தில் கலக்கும் மருந்து, மாத்திரையால் கலப்பதில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கே. வயிறும் சிறுநீரகமும் பெருமளவு தப்புகின்றன.

ஆனால் மிகைப்படுத்திச் சொல்வது உண்மைக்குச் செய்யும் துரோகம். 2016இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு, இத்தகைய களிம்பைச் சில வாரங்கள் தடவியவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு வலி நன்கு குறைந்ததைக் கண்டது. அதே வேளையில், மருந்தில்லாத வெறும் களிம்பைத் தடவியவர்களிலும் பத்துக்கு ஐந்து பேருக்கு வலி குறைந்திருந்தது! இதைக் கண்டு சிலர் நகைக்கலாம். நாம் நகைக்க வேண்டியதில்லை. தேய்க்கும் செயலும், தன் உடலைத் தானே பேணும் கவனமும், வலி தானே ஏறி இறங்கும் இயல்பும் சேர்ந்து பாதிப்பேரை ஆற்றுகின்றன. மருந்து இன்னும் ஒருவரைச் சேர்த்துக் காப்பாற்றுகிறது. சிறிய உதவிதான். ஆயினும் தீங்கு மிகக் குறைந்த உதவி.

களிம்புக்கும் எல்லைகள் உண்டு. தோலுக்கு அருகிலுள்ள முழங்காலுக்கும் விரல் மூட்டுக்கும் அது எட்டும். சதைக்குள் ஆழப் புதைந்த இடுப்பு மூட்டுக்கு எட்டுவதில்லை. நூற்றுக்கு ஒரு பங்கு மருந்துள்ள டைக்ளோபினாக் களிம்பு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், நாளைக்கு நான்கு வேளை எனக் குறிக்கப்பட்டது. கடலையளவு எடுத்துத் தொட்டுவிட்டுப் பயனில்லை என்பது முறையன்று. தடவிய இடத்தில் சூடான ஒற்றடம் வைத்தால் தோல் புண்ணாகலாம். வெட்டுக்காயத்தின் மேல் தடவலாகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும், சிறுநீரக நோயுள்ளோரும் மருத்துவரைக் கேட்டே தடவ வேண்டும். வின்டர்கிரீன் தைலம் ஒரு தேக்கரண்டி உள்ளே சென்றால் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் வில்லைகளுக்கு ஒப்பாகும். கற்பூரமும் குழந்தைகளுக்கு நஞ்சு. எனவே குப்பிகள் பேரக்குழந்தைகளின் கைக்கு எட்டாதிருக்கட்டும். மூட்டு திடீரெனச் சிவந்து சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, காலையில் பல மூட்டுகள் நெடுநேரம் விறைத்திருந்தாலோ, தைலத்தோடு நிற்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். முடக்குவாதம் போன்ற நோய்களுக்கு மூட்டையே அழியாமல் காக்கும் மருந்துகள் இன்று உள்ளன. அவற்றைத் தைலத்தால் ஈடுசெய்ய இயலாது. மருத்துவர் தக்க காரணத்தோடு தரும் மாத்திரையைத் தைலத்தின் பெயரால் ஒதுக்குவதும் பிழையே.

இவ்வரலாறு நம் முன் வைக்கும் மற்றொரு செய்தியும் உண்டு. மாத்திரையைத் தனியே விழுங்கலாம். அதற்கு எவர் துணையும் வேண்டா. தைலம் அப்படியன்று. முழங்காலுக்குத் தானே தடவிக்கொள்ளலாம். தோளின் பின்புறத்திற்கும் முதுகிற்கும் இன்னொருவரின் கை வேண்டும். திருமுக்கூடல் கல்வெட்டு தைலங்களை மட்டும் பட்டியலிடவில்லை. நோயாளரைப் பேணும் பெண்கள் இருவரையும், அவர்களுக்குரிய நெல்லையும் சேர்த்தே எழுதிவைத்தது. மருந்து இருந்தால் போதாது, அதைத் தடவ ஆளும் வேண்டும் என்று அன்றே அறிந்திருந்தனர். இன்று இப்பகுதி இளைஞர்கள் ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் தொழிற்சாலை முறைவேலைக்குச் செல்கின்றனர். வீட்டில் முதியவர் தனித்திருக்கிறார். சுருக்குப்பை வில்லை அவருக்கு எளிதாகிப்போனதன் காரணங்களுள் இத்தனிமையும் ஒன்று. ஆதலால் அவரிடம் மாத்திரையைக் குறையுங்கள் என்று அறிவுரை கூறுமுன், வேலை முடிந்து வரும் மகனோ, பள்ளியிலிருந்து வரும் பெயர்த்தியோ, அடுத்த வீட்டாரோ, நம் பங்கின் அன்பிய உறுப்பினரோ, பத்து நிமிடம் அவரருகே அமர்ந்து, அந்தக் குப்பியைத் திறந்து, உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்து, அவர் தோளில் வைப்பாராக.